கழிக்கப்பட்ட முட்டைக்கோழிகளைக் காத்துப் பேணுதல்
(வன்னிப் பகுதி நெல், மரக்கறிச் செய்கையாளருக்கு)

"பண்ணையிலே கழிக்கின்ற கோழிகளை மலிவாகத் தருகிறார்கள், வாங்கி வளர்க்கலாமா?" என்று கமக்காரர் பலர் எம்மிடம் வினவுகின்றனர். வளர்க்கலாம். ஆயினும் வாங்கிய அன்றே வளவில் அவிழ்த்துவிடுவோர் வளர்த்தல் ஆகாது. அஃது ஏன் என்பதை இத்துண்டுப் பிரசுரத்திற் காணலாம்.

முட்டைப் பண்ணைகளில் வளர்க்கப்படும் சிவப்புக் கோழி பதினெட்டு, இருபது வாரத்தில் முட்டையிடத் தொடங்கும். முதலாண்டில் முந்நூறு முட்டைகள் வரை இடும். நமது ஊர்க்கோழி ஓராண்டில் இடுவது அதில் நாலில் ஒரு பங்கும் இல்லை. 72 வாரம் முதல் 80 வாரத்துக்குள் முட்டை குறைந்து ஓடும் மெலியவே, பண்ணைக்காரர் கோழிகளை ஒருமிக்க விற்றுவிட்டுப் புதுக் குஞ்சு இறக்குவர். அவருக்கு அதுவே கணக்கு. விவசாயப் பாடசாலையில் நான் படித்த புத்தகத்திலும் கோழியின் வாழ்வு 72ஆம் வாரத்தோடு முடிந்துவிட்டது. அதற்குப் பின்னும் அது நாலைந்து ஆண்டுகள் உயிர் வாழக்கூடும் என்பதை நான் பின்னரே கண்டறிந்தேன்.

2022ஆம் ஆண்டில் நாட்டில் ஏற்பட்ட பொருளாதார நெருக்கடியின்போது தீன் விலை ஏறியது. சோளம் கிடைப்பதும் அரிதாயிற்று. பல பண்ணைகள் காலத்துக்கு முன்னரே கோழிகளைக் கழித்தன, சில மூடப்பட்டன. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் அரசாங்கம் வெள்ளை முட்டைக்கு 43 ரூபாவும் சிவப்பு முட்டைக்கு 45 ரூபாவும் உச்ச விலையாக விதித்தது. 2023இல் இந்தியாவிலிருந்து முட்டை இறக்குமதி செய்யப்பட்டது. அக்காலத்தில் வவுனியாப் பக்கத்தில் மூடப்படவிருந்த பண்ணையொன்றில் நான் பன்னிரண்டு கோழிகளை வாங்கினேன். கிளிநொச்சியில் இரணைமடுக் குளத்தின் கீழுள்ள குடியேற்றத் திட்டமொன்றில் எனது வளவு உளது. கீழ்வரும் விடயங்கள் பெரும்பாலும் அந்தப் பன்னிரண்டும் எனக்குக் கற்பித்தவையாகும்.

கொண்டுவருதல்

கோழிகளைச் சாக்கிற் கட்டி, மோட்டார் சைக்கிளின் பின்னால் ஏற்றி, நண்பகலிற் கொண்டுவந்தேன். வாசலிற் சாக்கை அவிழ்த்தபோது பதினொன்றே உயிருடன் இருந்தன. கோழிக்கு வியர்வைச் சுரப்பி இல்லை. வாயைத் திறந்து இளைத்தே உடற்சூட்டைத் தணிக்கும். காற்றுப் புகாத சாக்கினுள் அதற்கும் வழியில்லை. போதனாசிரியன் ஒருவன் அறிந்திருக்க வேண்டிய இச்சிறு விடயத்தை நான் அவசரத்தில் மறந்தேன். மற்றொரு கோழி காலெலும்பு முறிந்து ஒரு கிழமைக்குள் இறந்தது.

காலெலும்பு முறிந்தமைக்குக் காரணம் உண்டு. ஒவ்வொரு முட்டையோட்டிலும் ஏறக்குறைய 2 கிறாம் சுண்ணச்சத்து உளது. முந்நூறு முட்டையிட்ட கோழி 600 கிறாம் சுண்ணத்தை வெளியே தந்துவிட்டது. அதன் உடல் முழுவதிலும் ஒரு வேளையில் உள்ள சுண்ணத்தைப்போல் இஃது இருபது மடங்கிற்கு மேலாகும். தீனிற் போதாதபோது கோழி தன் எலும்பிலிருந்தே எடுத்து ஓடு கட்டும். அதன்மேல் ஓராண்டுக்கு மேலாகக் கம்பிக் கூட்டில், இறகை விரிக்கவும் இடமின்றி நின்ற கோழியாயின் எலும்பு எத்தகையதாய் இருக்கும் என்பதை நீங்களே ஊகிக்கலாம். ஆதலால் இக்கோழிகளை ஊர்க்கோழியைப்போல் காலிற் பிடித்துத் தலைகீழாகத் தூக்குதல் கூடாது. இரு கைகளாலும் சிறகோடு சேர்த்து அணைத்துத் தூக்குதல் வேண்டும். விடியற்காலையில், காற்றோட்டமுள்ள மரக்கறிப் பெட்டிகளில், பெட்டிக்கு நாலைந்தாக ஏற்றிவருதல் நன்று.

முதல் நாட்கள்

கூட்டுக் கோழி மண்ணை அறியாது, வெயிலை அறியாது. எனது கோழிகள் முதல் நாள் இறக்கிய இடத்திலேயே நின்றன. பூவரசம் இலையொன்று காற்றில் விழுந்ததற்கு எல்லாம் ஒருங்கே பதறின. ஆயினும் இரண்டாம் நாள் பிற்பகலில் ஒரு கோழி வேப்பமரத்தடிப் புழுதியில் விழுந்து, சிறகால் மண்ணை வாரித் தன்மேல் இறைத்துப் புரண்டது. அதற்கு அதனை யாரும் காட்டிக் கொடுக்கவில்லை. மாலைக்குள் எல்லாக் கோழிகளும் புரண்டன. புழுதிக்குளியல் பேனையும் செள்ளையும் போக்கும். ஆதலால் மழைக் காலத்திலும் நனையாத ஓரிடத்திற் காய்ந்த மண்ணும் அடுப்புச் சாம்பலும் இட்டு வைத்தல் வேண்டும்.

பண்ணைகளிற் குஞ்சாயிருக்கும்போதே அலகின் நுனியை வெட்டிவிடுவதுண்டு. அவ்வாறு வெட்டப்பட்ட கோழியால் வெறுந் தரையிற் கிடக்கும் தானியத்தைப் பொறுக்க இயலாது. அகலமான சட்டியில் இரண்டு அங்குல ஆழத்துக்குத் தீன் இடுதல் வேண்டும். இதனை அறியாதார் "தீன் போட்டும் தின்னாமற் செத்தது" என்பர். தண்ணீரையும் சட்டியிற் குடிக்கப் பழக்குதல் வேண்டும். ஒவ்வொன்றின் அலகையும் ஒரு முறை நீரில் தொட்டுவிட்டாற் போதும். கோழி தின்னும் தீனைப்போல் இரு மடங்கு நீர் குடிக்கும். வெயிற் காலத்தில் அதனிலும் கூடுதலாகும்.

பொழுது பட்டதும் கூட்டுக்குள் ஏறவேண்டும் என்பதும் இவற்றுக்குத் தெரியாது. இருளில் நின்ற இடத்திலேயே படுத்துவிடும். ஏழெட்டு நாட்கள் மாலைதோறும் நீங்களே பிடித்துக் கூட்டினுள் விடுதல் வேண்டும். ஒரு நாள் மறந்தால் மரநாய்க்கு உணவாகும்.

தனித்து வைத்தல்

இப்பகுதியை மட்டுமேனும் தவறாது படியுங்கள். புதிதாய்க் கொண்டுவந்த கோழிகளை முப்பது நாட்களுக்கு உங்கள் கோழிகளோடும் அயலார் கோழிகளோடும் கலக்கவிடலாகாது.

எனது வளவுக்கு அடுத்த வளவில் ஓர் ஆச்சி இருக்கிறார். மீள்குடியேறிய காலத்தில் உதவியாகக் கிடைத்த சில குஞ்சுகளிலிருந்து அவர் ஊர்க்கோழிகளைப் பெருக்கிவந்தார். அப்பொழுது அவரிடம் பதினான்கு கோழிகள் இருந்தன. பேரப்பிள்ளைக்கு முட்டையும், சந்தைக்கு இரண்டொரு சேவலும் அவற்றாற் கிடைத்தன. எனக்கு வேறு கூடு இல்லாமையால், எல்லை வேலியோரம் கிடுகு சாத்தி எனது கோழிகளை விட்டேன். கதியால் வேலி கோழிக்கு வேலியன்று என்பது எனக்குத் தெரியாததன்று.

இரண்டாம் கிழமையில் ஆச்சியின் கோழிகள் தீனை வெறுத்தன. பச்சை நிறமாய்க் கழிந்தன. வாயைத் திறந்து மூச்சிழுத்தன. சில கழுத்தைத் திருகிக்கொண்டு வட்டமிட்டன. ஐந்து நாட்களில் ஒன்பது இறந்தன. இது இராணிக்கெட் என்னும் நியூகாசில் நோய் என்று மிருக வைத்தியர் கூறினார். இங்கிலாந்தின் நியூகாசில் நகரிலும் ஜாவாவிலும் 1926ஆம் ஆண்டில் இனங்காணப்பட்ட இந்நோய் ஒருவகை வைரசால் வருவது, வந்தபின் மருந்தில்லை.

எனது கோழிகளில் ஒன்றுக்கும் எதுவும் நேரவில்லை. அவை பண்ணையிலே தடுப்பு மருந்து பெற்றவை. ஆயினும் அத்தகைய கோழி தான் நோயுறாமலே நோய்க்கிருமியைத் தாங்கி எச்சத்தோடு வெளியிடக்கூடும். நிழலிலும் ஈரத்திலும் கிடக்கும் எச்சத்தில் அக்கிருமி பல நாட்கள் அழியாதிருக்கும். சந்தையிலிருந்து வந்த வேறொரு கோழியாலும் அந்நோய் வந்திருக்கலாம் என்று எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. ஆச்சி அவ்வாறு சொல்லவில்லை. "தம்பி, உங்கட கோழி வந்தாப் பிறகுதான் என்ர கோழி செத்தது. நீங்கள் படிச்ச ஆள்" என்றார். அதற்கு மறுமொழி சொல்ல என்னால் இயலவில்லை.

ஆதலால் நான் செய்யத் தவறியதை நீங்கள் செய்யுங்கள். புதுக்கோழிகளை வளவின் மறுகோடியில், வேலியினின்றும் தள்ளி வையுங்கள். அவற்றுக்கு வேறு சட்டி, வேறு மண்வெட்டி, வேறு செருப்பு வேண்டும். காலையில் முதலில் ஊர்க்கோழிகளைப் பார்த்துவிட்டு, அதன்பின் புதுக்கோழிகளிடம் போங்கள். கைகாலைச் சவர்க்காரமிட்டுக் கழுவாமல் மீண்டு வராதீர்கள். எல்லாவற்றிலும் மேலாக, புதுக்கோழி வருவதற்கு இரண்டு கிழமைக்கு முன்னரே உங்கள் ஊர்க்கோழிகளுக்கும் அயலார் கோழிகளுக்கும் தடுப்பு மருந்து இடச்செய்யுங்கள். திடீரெனப் பல கோழிகள் இறப்பின் அவற்றைச் சமைத்தலும் விற்றலும் வேண்டாம். இரண்டு அடிக்குக் குறையாத ஆழத்திற் சுண்ணாம்பு தூவிப் புதைத்துவிட்டு, மிருக வைத்திய அலுவலகத்துக்கு உடனே அறிவித்தல் வேண்டும்.

தீன்

முதல் இரு கிழமைகளும் பண்ணையில் உண்ட முட்டைக்கோழித் தீனையே கொடுங்கள். கோழி ஒன்றுக்கு நாளொன்றுக்கு 110 கிறாம் போதும். பின்னர் சிறிது சிறிதாக மாற்றி, ஒரு மாதத்தில் அரைப்பங்கு கடைத்தீனும் அரைப்பங்கு வீட்டுத்தீனுமாக்கலாம். உடைந்த அரிசி, ஊறவைத்த சாவட்டை நெல், புதுத் தவிடு, எள்ளுப் பிண்ணாக்கு அல்லது தேங்காய்ப் பிண்ணாக்கு, முருங்கை இலை, அகத்தி இலை ஆகியன நம்மிடம் உள்ளவை. தவிடு அதிக நாள் இருப்பிற் கசந்துவிடும். ஆலையிலிருந்து வேண்டிய அளவே கொண்டுவாருங்கள். பூஞ்சணம் பிடித்த சோளமும் பிண்ணாக்கும் ஈரலைக் கெடுக்கும் நஞ்சாகும். மாடு தின்னாததைக் கோழிக்குக் கொட்டும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். முல்லைத்தீவுக் கரையிலிருந்து வரும் கருவாட்டுத் தலைகள் நல்ல புரதம். ஆயினும் உப்பு கோழிக்கு ஆகாது. இரண்டு நீரில் ஊறவைத்துக் கழுவி இடித்துக் கொடுத்தல் வேண்டும்.

சுண்ணச்சத்துக்குக் கடற்சிப்பியை இடித்துத் தனிச் சட்டியில் வையுங்கள். வேண்டிய கோழி வேண்டிய அளவு தின்னும். வீட்டில் உடைத்த முட்டையோட்டை வறுத்து இடித்தும் கலக்கலாம். முட்டையோடு பெரும்பாலும் இரவிலேதான் உருவாகிறது. ஆகவே சிப்பிச் சட்டி காலையிலும் மாலையிலேதான் நிறைந்திருத்தல் முக்கியம்.

கறையானைப் பற்றி ஆச்சியிடமிருந்தே கற்றேன். நோய் ஓய்ந்து சில கிழமைகள் கழிந்தபின் ஒரு நாட்காலை அவர் வேலியோரம் வந்து, எனது கோழிகள் புற்றருகே சும்மா நிற்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதுகளுக்குக் கறையானும் தெரியாதோ?" என்று கேட்டுவிட்டுப் போனார். அன்று மாலை பழைய மண்சட்டியொன்றில் ஈர வைக்கோலும் சாணமும் அடைத்து, புற்றின் வாயிற் கவிழ்த்து வைத்தார். விடியற்காலையிற் சட்டியை நிமிர்த்தியபோது வெள்ளையாய் மொய்த்திருந்தது. முதல் நாள் கோழிகள் பின்வாங்கின. மூன்றாம் நாள் சட்டியைக் கண்டதும் ஓடிவந்தன. வன்னி மண்ணிற் புற்றுக்குக் குறைவில்லை. செலவற்ற புரதம் இது. வெயில் ஏறுமுன் சட்டியை எடுத்துவிடுதல் வேண்டும். இன்றேல் கறையான் மண்ணுக்குள் இறங்கிவிடும்.

கூடு

கோழி ஒன்றுக்கு மூன்று சதுர அடி நிலம் இருக்கட்டும். பக்கங்கள் இரண்டடி உயரம் வரை அடைப்பும் அதன்மேல் கம்பிவலையுமாக, கிடுகுக் கூரையோடு அமைத்தாற் போதும். இருக்கைக் கம்பை ஓரடி உயரத்துக்கு மேல் கட்டவேண்டாம். எலும்பு நலிந்த கோழி உயரத்திலிருந்து குதித்தால் நெஞ்செலும்பு முறியும். நாலைந்து கோழிக்கு ஒன்றாக இருண்ட முட்டைப் பெட்டி வைத்து வைக்கோல் இடுங்கள். கீரியும் பாம்பும் புகாதபடி வலையின் கண் அரை அங்குலத்துக்கு மேற்படாதிருத்தல் வேண்டும். வலையை நிலத்துக்குள் ஓரடி புதைப்பின் நாயும் நரியும் தோண்டமாட்டா.

தரைக்கு உமியே சிறந்தது. பரந்தன், கிளிநொச்சி ஆலைகளில் எளிதிற் கிடைக்கும். மூன்று அங்குலம் பரப்பி, கிழமைக்கு இரு முறை கிளறிவிடுங்கள். மாரியில் ஈரமான உமியை அன்றே அகற்றுங்கள். ஈர உமியிற் கண்ணெரியும் நாற்றம் எழும். இரத்தக் கழிச்சல் நோயும் அங்கேயே பிறக்கும்.

2018ஆம் ஆண்டு டிசெம்பர் பிற்பகுதியிற் பெய்த பெருமழையிற் கிளிநொச்சி, முல்லைத்தீவு மாவட்டங்களில் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்ததை நாம் மறக்கவில்லை. அத்தகைய இரவில் ஊர்க்கோழி மரமேறித் தப்பும், பண்ணைக்கோழி ஏறாது. கூட்டை வளவின் மேட்டில் அமையுங்கள். மேடில்லாத வளவாயின் கூட்டினுள் உயர்ந்த பரண் ஒன்றும், அதற்கு ஏறச் சாய்வுப் பலகையும் வேண்டும்.

இறகுதிர்தல்

புரட்டாதி, ஐப்பசியிற் பகற்பொழுது குறைந்துவரும்போது கோழிகள் இறகுதிர்த்து முட்டையை நிறுத்தும். நோயென்று அஞ்சிப் பலர் இவ்வேளையிற் கறிக்கு அறுத்துவிடுகின்றனர். இரண்டு மாதமளவிற் புது இறகு முளைத்து, மீண்டும் முட்டையிடும். எண்ணிக்கை முன்னரிலும் குறைவாயினும் ஓடு உறுதியாயிருக்கும். இறகு பெரும்பாலும் புரதமாகையால் அம்மாதங்களிற் கறையானும் கருவாடும் கூட்டிக் கொடுங்கள்.

தொல்லை யாதெனில், இறகில்லாக் காலமும் வாடைக்காற்றும் ஒன்றாய் வருவதே. 2022 டிசெம்பர் முற்பகுதியில் மண்டூஸ் புயலோடு வந்த குளிரில் வடக்கிலும் கிழக்கிலும் மாடுகளும் ஆடுகளும் பெருந்தொகையாய் மடிந்தன. அன்றிரவு எனது கோழிகளில் நான்கு, முதுகு வெறுந்தோலாய் நின்றன. சமையலறையிற் சாக்கு விரித்து, எல்லாவற்றையும் அடுப்பருகே விட்டோம். என் மனைவி முகஞ்சுளித்தாராயினும் வெந்நீர் வைத்துக் கொடுத்தவர் அவரே. ஒன்றும் சாகவில்லை. வாடைப்பக்கம் சாக்குக் கட்டுதலும், மாலையில் ஒரு பிடி நெல் கூட்டிக் கொடுத்தலும் எல்லோராலும் செய்யக்கூடியன.

பயிரும் கோழியும்

நாற்றுமேடையிலும் இளங்கத்தரி, மிளகாய்ப் பாத்தியிலும் கோழியை விடலாகாது. அரை மணி நேரத்திற் கிளறிவிடும். அறுவடை முடிந்த வயலில் விட்டால் சிந்திய நெல்லையும் புழுவையும் பொறுக்கும். பூச்சிநாசினி தெளித்த பாத்தியில், மருந்துக் கொள்கலத்தில் எழுதிய நாட்கள் கழியும்வரை கோழி போகக்கூடாது. நஞ்சுண்ட பூச்சியைத் தின்ற கோழியும் நஞ்சுண்டதே. வரம்பில் எலிக்கு வைத்த மருந்துச் சோற்றையும் நினைவிற் கொள்ளுங்கள்.

பத்துக் கோழிகள் நாளொன்றுக்கு ஒரு கிலோகிறாம் அளவில் ஈர எச்சம் இடும். 2021 மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு, நவம்பரில் அத்தடை தளர்த்தப்படும்வரை கோழியெரு தேடி அலைந்த கமக்காரருக்கு இதன் பெறுமதியை நாம் சொல்லவேண்டியதில்லை. புது எச்சம் சூடுடையது, வேரைக் கருக்கும். உமியோடும் வைக்கோலோடும் குவித்து, மழை படாமல் மூடி, இரண்டு மாதமளவில் இரண்டொரு முறை புரட்டியபின் இடுங்கள். கீரைப் பாத்திக்கு மக்காத எச்சம் இடுதல் உண்போருக்கும் தீங்காகும்.

கணக்கு

இலாபக் கணக்கை மறைத்தல் முறையன்று. இரண்டாம் மாதத்தில் எனது பத்துக் கோழிகள் நாளொன்றுக்கு ஆறு முட்டைகள் இட்டன. தின்றது 1,100 கிறாம். ஒரு முட்டைக்கு 183 கிறாம் தீன் ஆகிறது. பண்ணையின் இளங்கோழிக்கு ஏறக்குறைய 120 கிறாம் போதும். முழுவதையும் கடையில் வாங்கிப் போட்டு முட்டை விற்க எண்ணுவோர் இதில் இறங்கவேண்டாம். அரைப்பங்கை வளவிலிருந்தே தேடக்கூடியவருக்கு முட்டைக்கு 90 கிறாம் விலைத்தீனே செல்லும்; எருவும் மிஞ்சும். அன்றன்றுள்ள விலையை வைத்து நீங்களே கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

முதுகோழிகளுள் சில, முட்டைப்பை அழற்சியால் வயிறு பெருத்து உங்கள் கையிலேயே இறக்கும். எனக்கு இரண்டு அவ்வாறு போயின. அதனைக் குறைவான பராமரிப்பென்று எண்ணி வருந்தவேண்டாம். அவ்வினம் முட்டைக்கென்றே தெரிந்தெடுத்து வளர்க்கப்பட்டது. பிரித்தானியாவில் இத்தகைய கோழிகளைப் பண்ணைகளிலிருந்து பெற்று வீடுகளுக்கு வழங்கும் அறநிலையமொன்று 2005 முதல் இயங்குகிறது. அங்கும் இக்குறைபாடு இவ்வாறே காணப்படுகிறது.

தடுப்பு மருந்து

இராணிக்கெட் தடுப்பு மருந்தை மிருக வைத்திய அலுவலகத்திற் பெறலாம். எத்தனை மாதத்துக்கொருமுறை இடவேண்டும் என்பதை அங்கு கேட்டறியுங்கள். கண்ணில் ஒரு துளி இடுவதே வழக்கம். ஒரு குப்பி நூறு கோழிக்கு மேற் போதும். கரைத்தபின் சில மணி நேரத்துக்குள் முடித்துவிடல் வேண்டும். பத்துக் கோழி வைத்திருப்பவர் தனியே வாங்கின் மிகுதி வீணாகும். ஆதலால் ஒழுங்கையிலுள்ள எல்லா வீட்டாரும் ஒரே நாளிற் சேர்ந்து இடுதல் வேண்டும். மருந்தைப் பனிக்கட்டி இட்ட குடுவையிற் கொண்டுவருக, வெயிலிற் காட்டற்க. கோழிகள் கூட்டைவிட்டு இறங்குமுன், விடியற்காலையில் இடுதல் எளிது.

எனது கோழிகளில் நான்கை அவ்வாண்டே ஆச்சி ஏற்றுக்கொண்டார்; இரு முறை மறுத்த பின்னரே ஏற்றார். இப்பொழுது எமது ஒழுங்கையில் மருந்திடும் நாளைக் குறிப்பவர் அவரே. நான் குடுவையைக் கொண்டுபோவேன். அவர் கோழியை இரு கைகளாலும் அணைத்துப் பிடிப்பார்.